வீடியோ எத்தனை மணி நேரம்னு கேக்காதீங்க, பேப்பர யாரு திருத்துறாங்கன்னு கேளுங்க

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம்னு இந்த கேரளா-தமிழ்நாடு பார்டர் ஓரம் பூரா இப்ப ஆன்லைன் டிகிரி பேச்சுதான். ஜூலை அட்மிஷன் தொடங்கிட்டா அக்ஷயா சென்டர் (கேரள அரசோட ஆன்லைன் சேவை மையம்) வாசல்ல பிளஸ்டூ முடிச்ச புள்ளைங்க மட்டும் நிக்கறதில்ல, கஞ்சிக்கோடு கம்பெனிக்கு ஷிப்ட் போற பசங்க, கல்யாணம் ஆகி படிப்ப பாதியில விட்ட பொண்ணுங்க, தென்னந்தோப்புல கணக்கு எழுதற அண்ணன்மாருன்னு எல்லாரும் ஆதாரும் மார்க் ஷீட்டும் கையில வெச்சுட்டு நிக்கறாங்க. இத நான் ரொம்ப நல்ல விஷயமாத்தான் பாக்கறேன். இங்க பத்தாவது வரைக்கும் தமிழ் மீடியத்துல படிச்சுட்டு அப்புறம் பாலக்காடு போனா மலையாளம், கோயம்புத்தூர் போனா பஸ் செலவும் ஹாஸ்டல் செலவும்னு நடுவுல நின்னு போன எத்தனையோ பேரு இருக்காங்க. சித்தூர் அரசு கல்லூரியில தமிழ்த்துறை இருக்கு, ஆனா எல்லாருக்கும் தமிழ் இலக்கியம் படிக்கணும்னு இல்லையே, பிகாம் வேணும் பிபிஏ வேணும் எம்பிஏ வேணும்னு கேக்கறாங்க. வேலைய விடாம, வீட்ட விடாம ஒரு டிகிரி கிடைக்குதுன்னா அது இவங்களுக்குப் பெரிய வாசல்.

நான் பார்டருக்கு அந்தப் பக்கம் ஒரு காலேஜ்ல காமர்ஸ் எடுக்கறேன், வீடு இந்தப் பக்கம். அதனால இவங்க எல்லாரும் கேக்கற கேள்வி எங்கிட்டதான் வந்து சேரும். கேக்கறது எப்பவும் ஒண்ணுதான், "டீச்சர், இந்த டிகிரி செல்லுமா? அரசு வேலைக்கு பிஎஸ்சி (பப்ளிக் சர்வீஸ் கமிஷன்) பரிட்சை எழுத விடுவாங்களா?"

அந்தக் கேள்விக்கு பதில் சுலபம். யுனிவர்சிட்டிகளுக்கு விதி போடற யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2020 செப்டம்பர்ல ஓப்பன் அண்ட் டிஸ்டன்ஸ் லேர்னிங், ஆன்லைன் ரெண்டுக்கும் சேத்து ஒரே ரெகுலேஷன் போட்டுச்சு. அதுபடி அனுமதி வாங்கின யுனிவர்சிட்டி அனுமதி வாங்கின கோர்ஸ்ல குடுக்கற ஆன்லைன் டிகிரியும் நேர்ல போய் படிச்ச டிகிரியும் சமம். யுஜிசியோட டிஸ்டன்ஸ் எஜுகேஷன் பீரோ வெப்சைட்ல எந்த யுனிவர்சிட்டிக்கு எந்த வருஷம் எந்த கோர்ஸுக்கு அனுமதின்னு லிஸ்ட் இருக்கு, அதுல பேரு இருக்கான்னு பாத்தா முடிஞ்சுது. இன்ஜினியரிங், மெடிக்கல், நர்சிங், சட்டம் இதெல்லாம் ஆன்லைன்ல டிகிரியா குடுக்கவே கூடாது, யாராவது குடுக்கறேன்னு சொன்னா அங்கயே எந்திரிச்சு வந்துடுங்க. நடுவுல ஒரு கம்பெனி உக்காந்து "நாங்கதான் யுனிவர்சிட்டி ஃபிரான்சைஸ்"னு சொன்னாலும் அப்படித்தான், அந்த ஏற்பாடே கூடாதுன்னு 2022 ஜனவரியில யுஜிசி எச்சரிக்கை விட்டாச்சு.

ஆனா இதுக்கு அடுத்த கேள்விய யாரும் கேக்கறதில்ல. சரி செல்லும், அதுல படிச்சா எனக்கு ஏதாவது வருமா? அந்த கோர்ஸ் நல்ல கோர்ஸா? இத ஸ்டூடண்ட் கேக்கலன்னா அவங்களுக்குத் தெரியாதுன்னு விடலாம், நம்ம சட்டமே இத நேரா கேக்கலங்கறதுதான் எனக்கு ஆறாத விஷயம்.

ஆன்லைன் டிகிரி நடத்த ஒரு யுனிவர்சிட்டிக்கு என்ன தகுதி வேணும்னு பாருங்க. நாக்னு யுனிவர்சிட்டிகளோட தரத்தப் பாத்து மார்க் போடற அமைப்பு குடுக்கற ஸ்கோர் 4-க்கு குறைஞ்சது 3.01 இருக்கணும், இல்லன்னா மத்திய அரசு போடற என்ஐஆர்எஃப் ரேங்க்ல யுனிவர்சிட்டி பிரிவுல முதல் 100-க்குள்ள கடைசி மூணு தடவையில ரெண்டு தடவையாவது வந்திருக்கணும். நாக் 3.26-ம் அதுக்கு மேலயும் இருந்தா முன்அனுமதி கூட இல்லாம ஆரம்பிக்கலாம். இதெல்லாம் அந்த யுனிவர்சிட்டிக்கு வந்த மார்க்கு. அவங்க லேப், அவங்க பிஎச்டி எண்ணிக்கை, அவங்க பில்டிங், அவங்க ஆராய்ச்சிக் கட்டுரை எல்லாம் சேந்து வந்த மார்க்கு. போன மாசம் அங்க ஒருத்தர் அவசரமா ரெக்கார்ட் பண்ணி ஏத்தின காஸ்ட் அக்கவுண்டிங் மூணாவது யூனிட் எப்படி இருக்குங்கறதுக்கும் அந்த மார்க்குக்கும் என்ன சம்பந்தம்? பொள்ளாச்சி சந்தையில மாட்டோட பல்லையும் மடியையும் பாக்காம வித்தவர் குடும்பம் பெரிய குடும்பம்னு கேட்டுட்டு ஓட்டிட்டு வந்த மாதிரிதான் இருக்கு.

நான் பாத்த ஒண்ண சொல்றேன். எங்க சித்தி மருமக ஒரு ஆன்லைன் பிகாம் படிக்கறா, யுனிவர்சிட்டி பேரு வேண்டாம். பகல்ல தையல் கடை, ராத்திரி புள்ளைங்கள தூங்க வெச்சுட்டு படிப்பு. ஒரு நாள் பிராசஸ் காஸ்டிங் (பொருள் தயாராகற ஒவ்வொரு கட்டத்துக்கும் செலவுக் கணக்கு போடறது) புரியலன்னு கூப்பிட்டா, போய் அவ போன்லயே உக்காந்து முழு யூனிட்டையும் பாத்தேன். முதல் ஸ்லைடுல "இந்தப் பாடம் முடிஞ்சதும் அசாதாரண இழப்பக் கணக்கிட உங்களுக்குத் தெரியும்"னு இங்கிலீஷ்ல போட்டிருக்கு. அப்புறம் அரை மணி நேரம் ஒருத்தர் ஸ்லைடுல இருக்கற வரிய அப்படியே வாசிக்கறாரு. ஒரு கணக்கு, ஒரே ஒரு கணக்கு கூட போட்டுக் காட்டல. கீழ குவிஸ் அஞ்சு கேள்வி, அஞ்சும் "கீழ்க்கண்டவற்றுள் நார்மல் லாஸ் என்பது எது" வகை. (நார்மல் லாஸ்னா எப்படியும் வீணாகும்னு முன்னாடியே எதிர்பாக்கற அளவு, அதுக்கு மேல வீணானா அது அசாதாரண இழப்பு.) ஆனா போன செமஸ்டர் எக்ஸாம் பேப்பர எடுத்துப் பாத்தா அதே யூனிட்ல இருந்து பத்து மார்க்குக்கு கணக்கு. அவ டிஸ்கஷன் போர்டுல அழகா கேட்டிருக்கா, நார்மல் லாஸ் யூனிட்ட ஸ்கிராப்புக்கு வித்தா வர்ற காச எங்க கழிக்கணும்னு. அதுக்குக் கீழ நாலஞ்சு பேரு "எனக்கும் இதே டவுட்"னு போட்டிருக்காங்க. வாத்தியார் பதில் இல்ல. அவ கேட்டு ரெண்டு மாசத்துக்கு மேல ஆகியிருந்துச்சு.

பதில் என்னமோ பெரிய ரகசியம் மாதிரி! துணி வெட்டற பிரவுன் பேப்பர்லயே எழுதிக் காட்டினேன். 1000 யூனிட் உள்ள போகுது, மொத்த செலவு 18,200 ரூபா, நார்மல் லாஸ் 10 சதவீதம்னா 100 யூனிட், ஸ்கிராப் ஒண்ணு 2 ரூபாய்க்குப் போனா 200 ரூபா. அந்த 200-ஐ மொத்த செலவுல கழிச்சா 18,000, அத மிச்சம் வரவேண்டிய 900 யூனிட்டால வகுத்தா யூனிட்டுக்கு 20 ரூபா. ஆனா கைக்கு வந்தது 850தான், அப்ப 50 யூனிட் அசாதாரண இழப்பு, 50 பெருக்கல் 20, 1000 ரூபா. முடிஞ்சுது. "இவ்ளோதானா அக்கா"ன்னு கேட்டா. இவ்ளோதான். இத சொல்ல அந்த கோர்ஸ்ல ஒரு மனுசர் இல்லங்கறதுதான் என் ஆத்திரம் எல்லாம்.

இப்ப பாருங்க, நம்ம ஊர் ஆன்லைன் கோர்ஸுக்கு நாலு பகுதி இருக்கணும்னு ஒரு முறை இருக்கு, மத்திய அரசோட ஆன்லைன் பாடத் தளம் ஸ்வயம் வந்ததுல இருந்து எல்லாரும் இதத்தான் வெச்சுக்கறாங்க. வீடியோ பாடம், படிக்கறதுக்கு எழுத்துப் பாடம், கேள்வி கேக்க டிஸ்கஷன் போர்டு, சுய மதிப்பீடு. முறை நல்ல முறைதான், யோசிச்சுதான் வெச்சிருக்காங்க. ஆனா மேல சொன்ன அந்த யூனிட்ல நாலும் இருக்குதே. இன்ஸ்பெக்ஷன் வந்தவரு ஃபாரத்துல நாலு டிக்கும் போட்டுட்டுப் போயிடலாம், அவரு மேல தப்பும் சொல்ல முடியாது. இருக்கா இல்லையான்னு மட்டும் கேக்கற தரம் எப்பவும் இங்கதான் வந்து நிக்கும். அந்த நாலும் ஒண்ணோட ஒண்ணு சேருதான்னு கேக்கணும்.

அமெரிக்காவுல குவாலிட்டி மேட்டர்ஸ்னு ஒரு ஏற்பாடு இருக்கு. மேரிலாந்து மாநிலத்துல கொஞ்சம் காலேஜுங்க ஒண்ணு சேந்து, 2003-ல அரசாங்க மானியத்துல ஆரம்பிச்சது. ஒரு காலேஜ்ல செஞ்ச ஆன்லைன் கோர்ஸ இன்னொரு காலேஜ் எப்படி நம்பறதுங்கற கேள்வியில இருந்து வந்தது. அவங்க யுனிவர்சிட்டிக்கு மார்க் போடறதில்ல, ஒரு ஒரு கோர்ஸா எடுத்து மார்க் போடறாங்க. கோர்ஸ் அறிமுகம், கத்துக்க வேண்டிய குறிக்கோள், மதிப்பீடு, பாடப்பொருள், ஸ்டூடண்ட் செய்ய வேண்டிய வேலை, டெக்னாலஜி, உதவி, எல்லாராலயும் பயன்படுத்த முடியுமாங்கறதுன்னு எட்டு தலைப்பு. மூணு பேரு ரிவ்யூ பண்றாங்க, மூணு பேருமே ஆன்லைன்ல பாடம் எடுக்கற வாத்தியாருங்க. 85 சதவீதம் வரணும், அதுலயும் சில அம்சங்கள கட்டாயம்னு வெச்சிருக்காங்க, அதுல ஒண்ணு விட்டாலும் மத்த மார்க் எவ்ளோ வந்தாலும் பாஸ் இல்ல. பாஸ் ஆகலன்னா திருத்திட்டு வரச் சொல்றாங்க, விரட்டி விடறதில்ல. எனக்கு ரொம்பப் பிடிச்சது என்னன்னா, குறிக்கோளும் பாடமும் வேலையும் பரிட்சையும் ஒரே கோட்டுல இருக்கணும்ங்கறதத்தான் அவங்க உயிரா வெச்சிருக்காங்க. கணக்கு போடத் தெரியும்னு சொன்னா கணக்கு போட்டுக் காட்டணும், கணக்கு போட வெக்கணும், கணக்கத்தான் கேக்கணும். சித்தி மருமகளோட யூனிட் அந்த முதல் வாசல்லயே நின்னிருக்கும்.

அதுலயும் ஒரு குறை இருக்கு, சொல்லிடறேன். அது கோர்ஸ் எப்படிக் கட்டியிருக்குன்னு பாக்கறது, கட்டின பிறகு வாத்தியார் தினம் உள்ள வந்தாரா பதில் சொன்னாரான்னு பாக்கறதில்ல. அதுக்கு அங்க வேற ஒரு சட்டம் இருக்கு. வாத்தியார் ஸ்டூடண்ட்டோட ஒழுங்கா, பாடம் சம்பந்தமா தொடர்புல இருக்கணும், அவரா முன்வந்து பேசணும், அப்படி இல்லன்னா அத ஆன்லைன் கோர்ஸா ஏத்துக்க மாட்டோம், தபால் வழிப் படிப்புன்னுதான் எடுத்துக்குவோம்னு அவங்க கல்வித்துறை சொல்லுது, 2021 ஜூலையில இருந்து அதுக்கு என்ன அர்த்தம்னு விவரமாவே எழுதி வெச்சிருக்காங்க. தபால் வழின்னு ஆயிட்டா மத்திய அரசு குடுக்கற கல்வி உதவிப் பணத்துல கை வெக்கும், அதனால காலேஜுங்க பயப்படுது. பணத்துல கை வெச்சா தரம் தானா வரும்னு நான் சொல்லல, ஆனா வாத்தியார் பதில் சொல்றத ஒரு விதியா எழுத முடியும்ங்கறதுக்கு அது சாட்சி.

நம்ம ரெகுலேஷன்ல இதுக்கு என்ன இருக்கு? ஒரு கோர்ஸுக்கு 250 பேருக்கு ஒரு மென்டர், அதாவது கூட இருந்து வழிகாட்டற வாத்தியார். இந்த எண்ண கொஞ்சம் உக்காந்து கணக்கு போட்டுப் பாக்கணும். ஒரு அசைன்மென்ட் படிச்சு ரெண்டு வரி கருத்து எழுத பத்து நிமிஷம்னு வைங்க, நான் காமர்ஸ் பேப்பர் திருத்தறவ, பத்து நிமிஷங்கறது கம்மிதான். 250 பேருக்கு 2500 நிமிஷம், நாப்பத்தொரு மணி நேரத்துக்கு மேல. ஒரு அசைன்மென்ட்டுக்கு. ரெண்டு அசைன்மென்ட்டுன்னா எண்பது மணி நேரம் தாண்டும். அந்த மென்டருக்கு அது ஒண்ணுதான் வேலையா இருந்தா கூட ரெண்டு வாரம் முழுசா திருத்தணும், நிஜத்துல பாதி பேருக்கு காலேஜ்ல தினம் நாலு பீரியடு ரெகுலர் கிளாஸ் வேற இருக்கும். அப்ப என்ன நடக்கும்? "குட்"னு எழுதி 18/20 போடுவாங்க. அவங்கள திட்டி பிரயோஜனம் இல்ல, நான் அந்த இடத்துல இருந்தாலும் அதுதான் நடக்கும், நேரம் எங்க இருந்து வரும்? அதனால கோர்ஸ் தரம்னு பேசும்போது முதல்ல எழுத வேண்டிய விதி இதுதான்னு நான் நினைக்கறேன், ஒரு மென்டருக்கு எத்தனை பேரு, திருத்தறதுக்கு வாரத்துல எத்தனை மணி நேரம் அவருக்கு சம்பளத்தோட ஒதுக்கியிருக்கீங்க. கேமரா எத்தனை மெகாபிக்சல், ஸ்டூடியோவுல என்ன கலர் சுவரு, இதெல்லாம் அப்புறம்.

நடக்காத காரியம்னு சிலர் சொல்வாங்க. ஆன்லைன்ல பாடம் நடத்தற என்பிடெல் திட்டத்தப் பாருங்க. ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேந்து 2003-ல ஆரம்பிச்சது, இப்ப ஸ்வயம்ல ஓடுது. எங்க காலேஜ் புள்ளைங்களுக்கு நான் அதுல கூட நின்னு பாக்கறவ. வாரா வாரம் அசைன்மென்ட், கடைசி தேதி முடிஞ்சதும் விடைய போடறாங்க, நல்ல கோர்ஸ்ல ஏன் அந்த விடைங்கற விளக்கத்தோட. போர்டுல கேட்டா டீச்சிங் அசிஸ்டென்ட் யாராவது வந்து பதில் சொல்றாங்க, எல்லா கோர்ஸ்லயும் ஒரே மாதிரி இல்லைன்னாலும் பெரும்பாலும் சொல்றாங்க. கடைசியில நேர்ல சென்டருக்குப் போய் எழுதற பரிட்சை, 75 மார்க் அதுக்கு, 25 அசைன்மென்ட்டுக்கு. அந்தப் பரிட்சையில தேறலன்னா அசைன்மென்ட்ட மட்டும் வெச்சு சர்டிபிகேட் வாங்க முடியாது. வாரம் தவறாம ஒரு வேலை, அதுக்கு ஒரு பதில், அந்த ரெண்டும் இருந்தாலே புள்ளைங்க பாதியில விடறது குறையுதுங்கறத நான் கண்ணால பாத்துட்டு இருக்கேன்.

இன்னொண்ணு, மணி நேரக் கணக்கு. நம்ம விதிப்படி ஒரு கிரெடிட்டுன்னா ஸ்டூடண்ட்டோட 30 மணி நேர உழைப்பு, நாலு கிரெடிட் பேப்பருக்கு 120 மணி நேரம். ஒரு பேப்பருக்கு வீடியோ மொத்தமும் பதினஞ்சு மணி நேரம் வருதுன்னு வைங்க. மிச்சம் 105 மணி நேரம் அந்தப் புள்ள என்ன செய்யணும்? எதப் படிக்கணும், எத எழுதணும், யாரோட பேசணும்? நல்ல கோர்ஸ்ல வாரம் வாரமா இது எழுதியிருக்கும், இந்த வாரம் இத்தனை பக்கம் படி, இந்த மூணு கணக்க போடு, இந்தக் கம்பெனி பேலன்ஸ் ஷீட்ட இறக்கிப் பாருன்னு. மத்ததுல வீடியோ முடிஞ்சா கோர்ஸ் முடிஞ்சுது. இரவு பத்து மணிக்கு மேல தூக்கத்தோட படிக்கறவங்களுக்கு, இன்னிக்கு என்ன செய்யணும்னு எழுதி வெக்கறத விட பெரிய உதவி கிடையாது.

மொழி விஷயத்தையும் சொல்லணும், இந்த ஓரத்துல இருக்கறவங்களுக்கு இது உயிர்ப் பிரச்சனை. 2020-ல கொரோனா அடைப்புல கேரள அரசு ஃபர்ஸ்ட் பெல்னு டிவியில கிளாஸ் ஆரம்பிச்சப்ப, பாலக்காடு இடுக்கி புள்ளைங்களுக்காக தமிழ்லயும் காசர்கோடு பக்கம் கன்னடத்துலயும் பாடம் எடுத்தாங்க. ஸ்கூலுக்கு அது முடிஞ்சுதுன்னா காலேஜுக்கு ஏன் முடியாது? முழு கோர்ஸையும் தமிழ்ல எடுங்கன்னு கேக்கல. வீடியோவுக்குக் கீழ சரியான எழுத்து ஓடட்டும், முக்கியமான யூனிட்டுக்குத் தமிழ்ல ஒரு எழுத்துப் பாடம் இருக்கட்டும், என்பிடெல் சில பாடங்களுக்குத் தமிழ்ல மொழிபெயர்த்துப் போட்டிருக்கு, அது மாதிரி. காது சரியா கேக்காத புள்ளைக்கும் அந்த எழுத்துதான் வழி, அதனால அத சலுகையா பாக்கக்கூடாது, குறைஞ்சபட்ச தரமாவே எழுதணும்.

நெட்வொர்க்கும் அப்படித்தான். கேரள அரசோட இன்டர்நெட் திட்டம் கே-ஃபோன் 2023-ல வந்துச்சு, கொழிஞ்சாம்பாறை டவுன்ல பரவால்ல, தோப்புக்குள்ள நாலு கிலோமீட்டர் போனா ஒரு கட்டைதான் காட்டுது, நெல்லியாம்பதி எஸ்டேட் லயன்ல இருக்கறவங்கள நினைச்சுப் பாருங்க. இறக்கி வெச்சுக்க முடியாத வீடியோ, லைவ்லயே உக்காரணும்னு கட்டாயம், இதெல்லாம் இருக்கற கோர்ஸ் எங்களுக்கான கோர்ஸ் இல்ல. வீட்டுல இருந்தே கேமரா முன்னால எழுதற பரிட்சையில கரண்டு போய் லைன் கட்டானா என்ன செய்வீங்கன்னு முன்னாலயே எழுத்துல இருக்கணும். இங்க ஒரு பையனுக்கு நடு பரிட்சையில அப்படி ஆகி, மெயில் மேல மெயில் போட்டும் அந்த செமஸ்டரே போச்சு.

ஒவ்வொரு யுனிவர்சிட்டியிலயும் ஆன்லைன் கோர்ஸுக்குன்னு உள்ளேயே ஒரு தர உறுதி மையம் இருக்கணும்னு அதே 2020 ரெகுலேஷன் சொல்லுது. அந்த மையம் கையிலதான் இதெல்லாம் இருக்கு. வெளி காலேஜ்ல இருந்து ரெண்டு வாத்தியார், போன வருஷம் அதே கோர்ஸ முடிச்ச ஒரு ஸ்டூடண்ட், இவங்கள உக்கார வெச்சு கோர்ஸ போன்ல, ஆமா லேப்டாப்ல இல்ல போன்ல, முதல்ல இருந்து ஓட்டிப் பாக்கச் சொல்லணும். எத்தனை பேரு சேந்தாங்க, எத்தனை பேரு முடிச்சாங்க, கேட்ட கேள்விக்கு சராசரியா எத்தனை நாள்ல பதில் வந்துச்சுன்னு கோர்ஸ் வாரியா வெப்சைட்ல போடணும். பாஸ் சதவீதத்த மட்டும் போட்டு ஏமாத்தக் கூடாது. வாத்தியாருக்கு இதுல பயம் வரும்னு தெரியும், நானும் வாத்தியார்தான். மூணாவது மனுசர் வந்து நம்ம பாடத்தப் பாக்கறது முதல்ல கூச்சமா இருக்கும், ஆனா நாம ரெகார்ட் பண்ணி நெட்ல போட்டாச்சுன்னா அத ஊரே பாக்குது, நம்ம கூட வேலை செய்யறவங்க முன்னாடியே பாத்து ஒரு தப்ப சொன்னா அது நமக்கு நல்லதுதானே.

எங்க டிபார்ட்மென்ட்ல அடுத்த செமஸ்டருக்கு ரெண்டு பேப்பர ஆன்லைன்ல வெக்கறோம். முதல் பக்கத்துலயே வாத்தியார் பேரு, எந்த நாள் எந்த நேரம் கிடைப்பாங்க, கேள்விக்கு ரெண்டு நாளுக்குள்ள பதில், அசைன்மென்ட் ஏழு நாளுக்குள்ள கருத்தோட திரும்ப வரும், இத எழுதியே ஆகணும்னு கேட்டிருக்கேன். ஏழு நாள் தாங்காதுன்னு மத்தவங்க சொல்றாங்க, பத்து நாளாக்கலாம்னு பேச்சு நடக்குது. பத்துன்னாலும் சரி, எழுதின பிறகு அதுல நிக்கணும். ஒரு செக்ஷனுக்கு அறுபது பேருக்கு மேல வேண்டாம்னும் கேட்டிருக்கேன், அதுக்கு மேனேஜ்மென்ட் இன்னும் வாய் திறக்கல.

இந்த அட்மிஷனுக்கு சேரப் போறவங்க, பீஸ் கட்டறதுக்கு முன்னாடி போன் பண்ணி மூணு விஷயம் கேளுங்க. ஒரு யூனிட்ட முழுசா, வீடியோ குவிஸ் அசைன்மென்ட் எல்லாத்தோடயும் திறந்து காட்டச் சொல்லுங்க. என் அசைன்மென்ட்ட யாரு திருத்துவாங்க, அவருகிட்ட எத்தனை பேரு இருக்காங்கன்னு கேளுங்க. போன செமஸ்டர் டிஸ்கஷன் போர்ட காட்ட முடியுமான்னு கேளுங்க. விக்கறவர் "அதெல்லாம் சேந்த பிறகு லாகின்ல வரும்"னு சொன்னா அந்த காச கையிலயே வெச்சுட்டு அடுத்த யுனிவர்சிட்டிக்குப் போன் போடுங்க, லிஸ்ட்ல நிறைய இருக்கு.